கிருலப்பனையின் காட்டுக் கணக்கு

2021 ஒக்டோபர் முதல் வாரத்தில் 12.5 கிலோ லிட்ரோ சமையல் வாயுச் சிலிண்டர் 1,493 ரூபா. அந்த மாத நடுவில் 2,675. 2022 ஏப்ரலில் 4,860. யூலையில் 4,910. பத்து மாதத்துக்குள் மூன்று மடங்குக்கு மேல். காசு வைத்திருந்தவருக்கும் சிலிண்டர் கிடைக்காத வாரங்கள் அதற்குள் எத்தனையோ. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வீதியோரம் வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் ஒதுங்கியிருந்த காலம் அது. "அக்கா, காஸ் வந்திட்டுதா?" என்பதே தொடர்மாடிப் படிகளில் ஒருவரையொருவர் காணும்போது முதலில் வரும் பேச்சு. மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியவர்களை ஓகஸ்ட் மாதம் பிடித்தது: லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340. மிச்சம் இருந்தது விறகு.

காட்டை நம்பி வாழும் சமூகம் என்றால் கொழும்புக் கிருலப்பனையில் இருப்பவருக்கு தம்பானை வேடுவரோ வன்னியில் தேன் எடுப்பவரோதான் நினைவுக்கு வருவார்கள். நமக்கும் ஒரு காட்டுக் கணக்கு இருக்கிறது. எந்தப் பற்றுச்சீட்டிலும் அது வருவதில்லை. யார் எவ்வளவு எடுக்கிறார்கள், எடுத்ததற்கு யார் எதைக் கொடுக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு அதை எழுதிப் பார்க்கலாம்.

முதலில் அடுப்பு. ஒரு கிலோ சமையல் வாயுவில் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. 12.5 கிலோவுக்கு 575. காஸ் அடுப்பு அதில் பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு 55 என்று வைப்போம், சட்டிக்குக் கொடுக்கும். ஆக 316 மெகாஜூல். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும். ஆனால் மூன்று கல் அடுப்பில் சட்டிக்குப் போய்ச் சேர்வது நூற்றுக்கு 12 அளவுதான், மீதி புகையாகவும் சூடாகவும் கூரையைத் தேடிப் போய்விடும். கிலோவுக்கு 1.8 மெகாஜூல். வகுத்தால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய 175 கிலோ விறகு வேண்டும். 1980களில் இலங்கையில் உருவாக்கிப் பரப்பப்பட்ட 'அனகி' களிமண் அடுப்பு இரட்டைச் சட்டி வைக்கக்கூடியது, வெப்பத்தை அதிகம் பிடித்துவைப்பது. அதில் நூற்றுக்கு 20 கிடைத்தால் 105 கிலோ போதும். அடுப்பை மாற்றினாலே 70 கிலோ மரம் மிச்சம்.

இதே வகுத்தலை விலையில் செய்தால் 2022 விளங்கும். சிலிண்டர் 1,493 ரூபாவாக இருந்தபோது, மூன்று கல் அடுப்புக்காரருக்கு விறகு கிலோ எட்டரை ரூபாவுக்குக் கீழே கிடைத்தால்தான் இலாபம். சிலிண்டர் 4,860 ஆனதும் அந்த எல்லை 28 ரூபாவுக்கு அருகே ஏறிவிட்டது. விறகின் விலையைத் தீர்மானித்தது காஸ் கப்பல். மரக்காலைகளிலும் தெருவோரத்திலும் விறகுக் கட்டு திடீரென்று விலைப்பட்டது இதனால்தான். அனகி அடுப்பு வைத்திருந்தவர் கிலோவுக்கு 46 ரூபா கொடுத்தாலும் நட்டப்பட மாட்டார். ஆனால் ஐந்தாம் மாடியில் அனகியை எங்கே வைப்பது? ஓர் ஆண்டுக்குப் பத்து சிலிண்டர் பிடிக்கும் குடும்பம் முழுக்க விறகுக்கு மாறினால் ஆண்டுக்கு 1,750 கிலோ. அதை அடுக்கிவைக்கவே ஓர் அறை வேண்டும். காட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒருவர் விறகு எரிப்பதில்லை. புகை போக இடமும், கட்டைகள் நனையாமல் வைக்க ஒரு தாழ்வாரமும், ஊதிக்கொண்டு நிற்க ஓர் ஆளும் இருந்தால்தான் அது நடக்கும். அந்த ஆள் எப்போதும் பெண்தான் என்பதைக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நூற்றுக்கு 78 அளவானவை விறகில்தான் சமைத்தன. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு "ஏழைகளின் அடுப்பு காட்டை விழுங்குகிறது" என்று பேசுபவர்களை நிறையக் கேட்டிருக்கிறோம். தவறான வாசிப்பு. இந்த நாட்டு அடுப்புகளில் எரிவதில் பெரும்பங்கு இயற்கைக் காட்டிலிருந்து வருவதில்லை. பொச்சுமட்டை, சிரட்டை, தென்னோலை, வீட்டுத் தோட்டத்தில் கழித்த கிளை, பழைய இறப்பர் தோட்டங்களை மறுநடுகை செய்யும்போது விழும் மரம்: இவைதான். கொழும்பிலும் அதைச் சுற்றியும் பாண் போறணைகள் சூடேறியதும் பெருமளவு இறப்பர் விறகில்தான். தீவின் நிலத்தில் நூற்றுக்கு 84 பங்கு 1881இல் காடாக இருந்தது என்று பழைய கணக்குகள் சொல்கின்றன, 2015இல் 29. இந்தச் சரிவை அடுப்புகள் செய்யவில்லை. கோப்பி தொடங்கிவைத்ததைத் தேயிலையும், பிறகு குடியேற்றத் திட்டங்களும் மகாவலித் திட்டமும் தொடர்ந்தன.

கோப்பிக்கு ஒரு சட்டம் முன்னால் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத நிலமும் எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்றது. சேனை செய்துவந்த கண்டிக் குடியானவரிடம் உறுதிப் பத்திரம் ஏது? 1870களின் இறுதியில் கோப்பி 2,75,000 ஏக்கரைத் தொட்டது. அந்தக் காட்டை வெட்டி எரித்துக் கன்று நட்ட கைகள் தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பிடித்தது. அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். காட்டை அழிக்க அழைத்துவரப்பட்டவர்களின் சந்ததி, 2012 மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர், 8,39,504 பேர். அவர்களின் காட்டுறவு நமது நாட்டிலேயே விநோதமானது: இருந்த காடு போய்விட்டது, இருக்கும் யூக்கலிப்டஸ் தோப்பு தோட்டத்தினுடையது, குனிந்து பொறுக்கும் சுள்ளிக்கும் கவ்வாத்துக் குச்சிக்கும் தோட்டத்தின் தயவு வேண்டும்.

2021இல் அவர்களில் தோட்டத்தில் உழைப்போரின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அடுத்த ஏப்ரலில் ஒரு சிலிண்டர் 4,860. ஏறத்தாழ ஐந்து நாள் கொழுந்து. கிருலப்பனையில் சிலிண்டர் இல்லாமல் போனது ஒரு நெருக்கடி, லயத்தில் பல வீடுகளுக்குச் சிலிண்டர் ஒருபோதும் வந்ததே இல்லை. 20 கிலோ சுமையாகப் பிரித்தால், முன்பு பார்த்த 1,750 கிலோ விறகு என்பது ஆண்டுக்கு 87 தலைச்சுமை. மலையில் ஏறி இறங்கிய 87 சுமை.

இதே மலையில் இன்னொரு அடுப்பு எரிகிறது, அதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஒரு கிலோ தேயிலையை வாட்டி உலர்த்த ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு பிடிக்கும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. 2023இல் இலங்கை செய்த தேயிலை ஏறத்தாழ 25 கோடி 60 இலட்சம் கிலோ. குறைந்த அளவான ஒன்றரையையே எடுத்து, எல்லா ஆலைகளும் விறகில் இயங்குவதாகக் கொண்டால் 3,84,000 தொன். மூன்று கல் அடுப்பு வைத்த 2,19,000 குடும்பங்களின் ஓராண்டு விறகு அது. மரம் ஒன்றுதான், எரிப்பவர் மாறும்போது பெயர் மாறுகிறது: ஆலைக்குப் போனால் உற்பத்திச் செலவு, லயத்துக்குப் போனால் திருட்டு.

சிங்கராஜா மழைக்காட்டுக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக அரசே அங்கே இயந்திரங்களை இறக்கி மரம் தறித்தது. எதிர்ப்பு வலுத்து 1977இல் நிறுத்தப்பட்டது. 1988இல் 8,864 ஹெக்டயர் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. சுற்றியுள்ள கிராமங்களின் கணக்கு அதைவிடப் பழையது: கித்துள். பாளை சீவி இறக்கும் கருப்பநீரில் ஏறத்தாழ எட்டுப் போத்தலைக் காய்ச்சினால் ஒரு போத்தல் பாணி. காய்ச்சுவதற்கும் விறகு, ஏறுவதற்கு உயிர்ப்பயம், விடியற்காலையும் மாலையும் மரத்தடியில் நிற்க ஓர் ஆள். தயிருக்கு ஊற்றிக்கொள்ள நாம் வாங்கும் 'கித்துள் பாணி' மலிவாக இருந்தால் இந்த எட்டுக்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மலிவின் மீதியைச் சீனி நிரப்பியிருக்கும். பாளை சீவுபவர் மரத்தைக் கொல்வதில்லை, மரம் நின்றால்தான் அவருக்கு அடுத்த ஆண்டு. வனக்காவலர் இல்லாமலே காட்டைக் காக்கும் ஒரு காரணத்தை அந்த எட்டுப் போத்தல் கொடுக்கிறது.

எல்லா இடத்திலும் இவ்வளவு இணக்கம் இல்லை. 1983இல் மகாவலித் திட்டத்தை ஒட்டி மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக 58,850 ஹெக்டயர் அறிவிக்கப்பட்டது. தம்பானை வேடுவர் வேட்டையாடிய, தேன் எடுத்த காடு அதற்குள் போயிற்று. முன்னோர் நடந்த பாதையில் நடப்பது சட்டப்படி அத்துமீறலானது. 2020இல் வேடுவர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ நீதிமன்றம் போனார். சோளப் பயிர்ச்செய்கைக்காக றம்பகன் ஓயாப் பக்கம் காடு அழிக்கப்படுவதற்கு எதிரான மனு அது. வேட்டைக்காரரை வெளியேற்றிய அதே அரசு நிருவாகத்துக்கு எதிராக, காட்டைக் காப்பாற்றுங்கள் என்று வேட்டைக்காரர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது.

மன்னார் மறிச்சுக்கட்டியின் கணக்கு இதைவிடச் சிக்கல், இதில் நின்று பேசத்தான் வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 70,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். ஆளற்ற வயலும் முற்றமும் இருபது ஆண்டு மழையில் பற்றையாகி, பற்றை மரமாகியது. 2009க்குப் பிறகு திரும்பியபோது, ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாக வந்தார்கள். நிலமோ வனத் திணைக்களத்தின் வரைபடத்தில். 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் வந்தது: 40,030 ஹெக்டயர். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப்பகுதியில் குடியேற்றத்துக்காகக் காடழித்தது சட்டவிரோதம் என்றும், அதே பரப்பில் மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்க வேண்டும் என்றும் தீர்த்தது. கொழும்புத் தொலைக்காட்சிகள் இதை, பக்கத்துத் தேசியப் பூங்காவின் பெயரால், 'வில்பத்து அழிப்பு' என்ற ஒரே தலைப்பில் முடித்தன. எனக்கு அந்தத் தலைப்பில் நம்பிக்கை இல்லை. வெட்டப்பட்டதில் உண்மையான பழங்காடும் இருந்தது, பாதுகாக்கப்பட்டதில் உண்மையான பழைய வளவுகளும் இருந்தன. ஹெக்டயரால் மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே பச்சையாகத் தெரியும்.

போருக்குப் பிந்திய வடக்கு, கிழக்கு முழுவதிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்கக் காடாக அறிவிக்கப்படாத எஞ்சிய காடுகளையும் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் கொடுத்தது. 2020இல் அதை மாற்றிப் பிரதேச செயலாளர்களிடம் ஒப்படைத்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. அவர்களின் பயம் நியாயமானது, ஏனெனில் எஞ்சிய காட்டைக் கேட்டு வரிசையில் நிற்பவர்களில் மீள்குடியேறிய விதவை கடைசியில் நிற்பார், சோளக் கம்பனி முன்னால் நிற்கும்.

பாக்குநீரிணைக்கு அப்பால் போனால் உரிமை என்ற நிரல் ஒன்று கூடுகிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டுநிலத்தில் வாழும் பழங்குடியினருக்குக் குடும்பத்துக்கு 4 ஹெக்டயர் வரை நிலத்தையும், சிறுவனப் பொருட்களின் உடைமையையும் ஏற்றுக்கொள்கிறது. அவற்றில் ஒன்று தெண்டு இலை, நமக்குப் பீடி இலை. கடற்படை மன்னாரிலும் கற்பிட்டியிலும் அடிக்கடி மூட்டை மூட்டையாகப் பிடித்துப் படம் காட்டும் அதே இலை. சத்தீஸ்கரில் 50 இலை ஒரு கட்டு, 1,000 கட்டு ஒரு நிலை மூட்டை. 50,000 இலை. அந்த மூட்டைக்கு அரசு கொடுத்த கூலி 2019க்கு முன் 2,500 இந்திய ரூபா, 2019இல் 4,000, 2024இல் 5,500. வகுத்தால் இலைக்கு 5 பைசா, 8 பைசா, 11 பைசா. அதுவும் சித்திரை வைகாசி வெயிலில், சில வாரப் பருவத்தில். கிருலப்பனைச் சந்தியில் ஒருவர் பற்றவைக்கும் பீடிக்குப் பின்னால் எந்தக் காடு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, இலை பறித்தவளுக்கும் தெரியாது. உரிமைச் சட்டம் இருந்தும் 11 பைசாதான் என்று சொல்லலாம். ஆனால் அந்த 5, 11 ஆனது தேர்தல் மேடைகளில் அது பேசப்பட்டதால். பேசப்பட்டதற்கு அது உரிமையாக எழுதப்பட்டிருந்ததும் ஒரு காரணம். இலங்கையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டமே 2009 திருத்தத்துடன் இன்றும் நிற்கிறது.

காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் காசு போன ஒரு வரியும் நம் பேரேட்டில் உண்டு. 2015இல் சீக்கொலொஜி என்ற அமெரிக்க அமைப்பும் சிலாபத்தை மையமாகக் கொண்ட 'சுதீச' அமைப்பும் அரசும் சேர்ந்து, தீவின் 8,815 ஹெக்டயர் கண்டற்காடு முழுவதையும் காக்கும் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை 34 இலட்சம் டொலரில் தொடங்கின. கரையோரப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் சிறுகடனும். பதிலுக்குக் கண்டலை அவர்கள் காக்க வேண்டும். ஆளுக்கு 227 டொலர், ஹெக்டயருக்கு ஆண்டுக்கு 77 டொலர். வெள்ளவத்தையில் நண்டும் இறாலும் வாங்குபவர்களுக்கு இது அவமானப்பட வேண்டிய அளவு சிறிய தொகை.

இனி நம் சொந்தப் பக்கம். கொழும்புக்குக் குழாய்த் தண்ணீர் 1886இல் லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து வந்தது. பின்னர் களட்டுவாவை சேர்ந்தது. இரண்டையும் சூழ்ந்த ஒதுக்கக் காடு ஏறத்தாழ 2,150 ஹெக்டயர். இப்போது களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுப்பதே பெரும்பங்கு என்றாலும் அந்த ஆறும் சிவனொளிபாத மலைக் காட்டில்தான் பிறக்கிறது. மாதாந்தத் தண்ணீர்ப் பட்டியலில் அலகுக்கு ஒரு விலை, சேவைக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் வரி. காட்டுக்கு வரி எதுவும் இல்லை. லபுகமைக் காட்டோரம் இருப்பவர் மட்டும் அங்கே ஒரு மரம் தறிக்காமல் இருப்பதன் மூலம் நமக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது வெள்ளம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைப் பக்கத்துச் சதுப்புகளிலிருந்து வரும் தண்ணீர் கிருலப்பனைக் கால்வாயில் ஓடி, வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலைச் சேர்கிறது. 2010 நவம்பரில் ஒரே இரவில் 440 மில்லிமீற்றர் பெய்து பாராளுமன்றமே தண்ணீரில் நின்றது. 37.3 சதுர கிலோமீற்றர் கொண்ட மாநகர எல்லைக்குள் மட்டும் அந்த மழை ஒரு கோடி 64 இலட்சம் கன மீற்றர். கொழும்பைச் சுற்றி மிஞ்சியிருக்கும் சதுப்புகளும் அவற்றின் நீர்க்காடுகளும் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். அவற்றில் நீர்மட்டம் அரை மீற்றர் உயர்ந்தால் ஒரு கோடி கன மீற்றர் அங்கே தங்கும். 10,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் பத்து இலட்சம் பவுசர். 2012இல் உலக வங்கி கொழும்பின் வெள்ளத் தடுப்புக்கும் நகர மேம்பாட்டுக்கும் 21 கோடி 30 இலட்சம் டொலர் கடன் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் கீழ் நடந்த ஆய்வு, சதுப்புகளின் நீர் கொள்ளளவு பத்தாண்டில் நூற்றுக்கு 40 குறைந்துவிட்டது என்றது. எல்லாம் போனால் மாநகரப் பொருளாதாரத்தில் ஆண்டுதோறும் ஒரு வீதம் வெள்ளத்தில் போகும் என்றும் சொன்னது. 2018இல் ராம்சர் உடன்படிக்கை கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தது. சான்றிதழ் சுவரில் இருக்கிறது, மண் ஏற்றிய டிப்பர்கள் வீதியில் இருக்கின்றன.

ஆகவே, எடுக்கும் அளவில் நாம் முதல் வரிசை. லயத்துப் பெண் 87 சுமையை முதுகெலும்பால் கட்டுகிறாள், கித்துள் சீவுபவர் பயத்தால் கட்டுகிறார், மறிச்சுக்கட்டிக்காரர் வளவால் கட்டுகிறார். நாம் எதையும் கட்டுவதில்லை. அதனால்தான் நம்மைக் காட்டை நம்பும் சமூகமாக யாரும் பதிவதில்லை.

1993 யூன் 24 வர்த்தமானியின்படி, ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றினால் சுற்றாடல் அனுமதி நடைமுறை வேண்டும். ஈரநிலம் நிரப்புவதற்கு அந்த எல்லை நான்கு ஹெக்டயர். 3.9 ஹெக்டயர் நிரப்புபவரிடம் அந்த வர்த்தமானி எதுவும் கேட்காது, ஆனால் அந்த நிலம் அரை மீற்றர் உயரத்துக்குத் தாங்கும் 19,500 கன மீற்றர் தண்ணீர் கால்வாய்க்கரை வீடுகளுக்குள் வரும். எல்லையைத் தாண்டிய திட்டங்களுக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 வேலை நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், கருத்து எழுத்தில் பெறப்படும். தமிழிலும் எழுதலாம். அடுத்த அறிவித்தல் வரும்போது ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: இங்கே இதுவரை நின்ற தண்ணீர் எத்தனை கன மீற்றர், இனி அது எங்கே நிற்கும்?